காய்ச்சலா? முதலில் மணி பாருங்கள்!

டிசம்பர் கடைசியில் கரியாஹாட் நாற்சந்தியில் நின்றால், ஒரே நடைபாதையில் இரண்டு பருவங்கள் நடந்து போவதைப் பார்க்கலாம். கொல்கத்தாவின் இரவு அப்போது 14, 15 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியிருக்கும். காது, தாடை, கழுத்து எல்லாவற்றையும் மூடும் கம்பளிக் குல்லாய் நடைபாதைக் கடைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். 'மங்க்கி டுப்பி' என்று வங்காளிகள் பெயர் வைத்திருக்கும் இந்தக் குல்லாய்க்குள் புகுந்துகொண்டு ஒருவர் மீன் வாங்கப் போவார். அவர் தோளை இடித்துக்கொண்டு அரைக்கைச் சட்டையில் இன்னொருவர், மண் குவளையில் தேநீர் குடித்தபடி நிற்பார்.

இந்த இருவரில் யாருடைய உடம்பில் சூடு அதிகம்? குல்லாய்க்காரருக்கு உடம்பு குளிர்ந்திருக்கும் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால், அவர்தான் அரை டிகிரி கூடுதலாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. குளிர்கிறது, புழுங்குகிறது என்று சொல்வது பெரும்பாலும் தோல். உள்ளே இதயம், ஈரல், மூளை இருக்கும் இடத்தின் வெப்பம் வேறு கணக்கு. அந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

இதை நம்மில் பலர் ஏற்பதில்லை. காரணம், சிறு வயதிலேயே மனத்தில் பதிந்துபோன ஒரே ஓர் எண்.

கரியாஹாட்டில் ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய மருந்துக்கடைகளில் மாலை நேரத்தில் அடிக்கடி காதில் விழும் வாசகம், 'ஜோர் ஜோர் லாக்ச்சே'. ஜுரம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஜுரம் மாதிரி இருக்கிறது என்று பொருள். அதே சாலையில் மேற்கே கொஞ்ச தூரம் போனால் லேக் மார்க்கெட். தலைமுறைகளாகத் தமிழர்கள் குடியிருக்கும் அந்தப் பகுதியின் வீடுகளில் இதற்கு 'உடம்பு கணகணங்குது' என்று பெயர். இரண்டு வீட்டிலும் அடுத்து நடப்பது ஒன்றுதான். பெட்டியிலிருந்து தெர்மாமீட்டர் வெளியே வரும். 99.1 என்று காட்டும். வீடு கவலையில் ஆழும். ஒரு பாராசிட்டமால், மறுநாளும் அப்படியே இருந்தால் யார் பேச்சையோ கேட்டு ஓர் ஆன்டிபயாடிக்.

அந்த 99.1 காய்ச்சலா? யாருடைய 99.1, எத்தனை மணிக்கு, உடம்பின் எந்த இடத்தில் என்ற மூன்றும் தெரியாமல் எந்த மருத்துவராலும் சரியான பதில் சொல்ல முடியாது.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு 'நார்மல்' என்றால் 98.4. பிரிட்டிஷ் மருத்துவ வழக்கத்திலிருந்து நமக்கு வந்த எண் அது. அமெரிக்கப் புத்தகங்களைப் படித்தவர்களுக்கு 98.6. ஃபாரன்ஹீட் அளவுமுறையை வகுத்த டேனியல் ஃபாரன்ஹீட்டோ 1724-இல் ஆரோக்கியமான மனிதனின் உடல் சூட்டுக்கு 96 என்று குறித்தார். மூன்று எண்கள், மூன்றும் 'சாதாரண' மனிதனுக்கு! இவற்றில் 98.6 எப்படி வந்தது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

ஜெர்மனியின் லைப்ஸிக் நகர மருத்துவமனையில் கார்ல் வுண்டர்லிக் என்ற பேராசிரியர் ஆண்டுக்கணக்கில் நோயாளிகளின் அக்குளில் வெப்பமானி வைத்து அளந்தார். ஏறத்தாழ 25,000 பேர், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அளவீடுகள். அவருடைய வெப்பமானி ஒரு சாண் நீளம் இருக்கும். ஒரு முறை அளக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். 1868-இல் வெளியான நூலில் அவர் சொன்ன சராசரி 37 டிகிரி செல்சியஸ். அது ஒரு முழு எண். அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது 98.6 வந்தது. புள்ளிக்குப் பின்னால் நிற்கும் அந்த 6, கணக்கு மாற்றத்தில் ஒட்டிக்கொண்டது. உலகமோ அதை உடம்பில் நுணுக்கமாக அளந்து கண்டெடுத்த எண்ணாக எடுத்துக்கொண்டது.

வுண்டர்லிக் மீது குற்றமில்லை. ஆரோக்கியமான உடம்பின் சூடு ஓர் எல்லைக்குள் ஏறி இறங்கும், விடிகாலையில் குறைவு, மாலையில் அதிகம், பெண்களுக்கு ஆண்களைவிடச் சற்றுக் கூடுதல், வயதானவர்களுக்குக் குறைவு என்றெல்லாம் அவரே எழுதியிருக்கிறார். அவர் எழுதியதில் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது ஓர் எண் மட்டுந்தான்.

அந்த எண்ணைச் சோதித்துப் பார்க்க நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிலிப் மேக்கோவியாக்கும் உடன் பணியாற்றியவர்களும் 18 முதல் 40 வயது வரையிலான 148 ஆரோக்கியமானவர்களை எடுத்துக்கொண்டார்கள். வாயில் வைத்து, ஒரு நாளில் பல முறை, மொத்தம் 700 அளவீடுகள். 1992-இல் வெளியான முடிவின்படி சராசரி 98.2. மிக அதிக முறை வந்த எண்ணும் 98.6 இல்லை. 700-இல் 56 முறைதான், அதாவது நூற்றுக்கு 8, அந்த எண் வந்தது. ஃபிலடெல்ஃபியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கும் வுண்டர்லிக்கின் வெப்பமானி ஒன்றையும் மேக்கோவியாக் சோதித்தார். இன்றைய கருவிகளைவிட அது கூடுதலாகக் காட்டியது.

அந்த ஆய்வு மருத்துவத்துக்குக் கொடுத்த பெரிய கொடை வேறொன்று. ஆரோக்கியமான இளைஞர்களின் மேல் எல்லை காலை 6 மணிக்கு 98.9; அதே ஆட்களின் மேல் எல்லை மாலை 4 மணிக்கு 99.9. நம் மருத்துவ மாணவர்கள் கையில் வைத்துப் படிக்கும் ஹாரிசன் பாடநூலின் காய்ச்சல் இலக்கணம் இதை ஒட்டியதுதான்: காலையில் 98.9-க்கு மேல், மாலையில் 99.9-க்கு மேல். காலையில் காய்ச்சல் என்று கருத வேண்டிய 99.3, மாலையில் சும்மா ஓர் எண்.

உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி உடல் சூட்டைக் காக்கிறது. பகல் இரவை அறியும் நரம்பணுக் கூட்டமும் அங்கேதான் இருக்கிறது. தூக்கத்தின் பிற்பகுதியில், விடியலுக்கு முந்தைய மணிகளில், சூடு அடிமட்டத்துக்கு இறங்கும். பிறகு மெல்ல ஏறி, பின்மதியம் தொடங்கி முன்னிரவுக்குள் உச்சம் தொடும். இடையே ஏறக்குறைய அரை டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் சுமார் ஒரு டிகிரி. பஞ்சணையில் நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தாலும் இந்த ஏற்ற இறக்கம் நிற்காது.

நேரத்தோடு சேர்த்துச் சூட்டைப் படிக்க வேண்டும் என்ற பாடத்தை இந்தியாவில் அழுத்தமாகச் சொன்ன ஊர்களில் கல்கத்தா முதன்மையானது. 1900 முதல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறியியல் பேராசிரியராக இருந்த லியோனார்ட் ரோஜர்ஸ், காய்ச்சல்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்த வங்காளத்தில் ஒரு வழி கண்டார். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை என்ற வழக்கத்தை விட்டு, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியின் சூட்டைக் குறித்து வரைபடம் போட்டார். மலேரியா ஒரு கோடு காட்டியது, டைஃபாய்டு வேறு கோடு. கருங்காய்ச்சல் எனப்படும் காலா அஸாரில் ஒரே நாளில் இரண்டு முறை காய்ச்சல் ஏறி இறங்கியது. இரண்டு வேளை மட்டும் அளந்திருந்தால் அந்த இரண்டாவது மேடு கண்ணிலேயே பட்டிருக்காது. வெப்ப மண்டலக் காய்ச்சல்கள் பற்றி 1908-இல் அவர் வெளியிட்ட நூலின் முதுகெலும்பு இந்த வரைபடங்கள்.

காலா அஸார் இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. காய்ச்சல் நன்றாக ஏறியிருக்கும்போதும் அந்த நோயாளிகள் பலர் எழுந்து நடமாடுவார்கள், பசிக்குச் சாப்பிடுவார்கள், காய்ச்சல் இருப்பதாகவே உணர மாட்டார்கள். அந்த நோய்க்கு யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தைக் கண்டு லட்சக்கணக்கான உயிர்களைக் காத்த உபேந்திரநாத் பிரம்மச்சாரியும் கல்கத்தாக்காரர்தான். இன்று நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியாக இருக்கும் அன்றைய கேம்ப்பெல் மருத்துவமனையின் சிறிய அறை ஒன்றில் 1920-களின் தொடக்கத்தில் அந்த மருந்து பிறந்தது. ஆக, 'உடம்பு கணகணங்குது' என்பவருக்குக் காய்ச்சல் இல்லாமல் இருக்கலாம். ஒன்றுமே தெரியாதவருக்குக் காய்ச்சல் இருக்கலாம். தொட்டுப் பார்க்கும் கையும் ஏமாறும். அரிசி களைந்த ஈரக் கையோடு குழந்தையின் கழுத்தைத் தொடும் தாய்க்கு எந்தக் குழந்தையும் சுடத்தான் செய்யும்.

நேரத்தை மறந்ததால் நம் நாட்டில் வரும் தனி வேதனை ஒன்று உண்டு. காசநோய் உள்ளவர்களுக்கு மாலையில் காய்ச்சல் ஏறும் என்பது பரவலாகத் தெரிந்த செய்தி. ஒரு வாரம் தொடர்ந்து சாயங்காலம் அளந்து, தினமும் 99.2 வருவதைப் பார்த்து, தமக்குக் காசநோய் என்று தூக்கம் இழப்பவர்கள் இருக்கிறார்கள். மாலையில் அரை டிகிரி, ஒரு டிகிரி ஏறுவது எல்லா உடம்புக்கும் உள்ளது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், எடை குறைவு, இரவு வியர்வை, பசியின்மை இவற்றோடு அந்த ஏற்றம் சேர்ந்து வந்தால் உடனே சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். இவை எதுவுமில்லாத மாலை 99.2-க்காக மாதக்கணக்கில் அச்சத்தில் வாழ வேண்டியதில்லை.

பெண்களின் உடம்பில் இன்னொரு கடிகாரமும் சேர்ந்து ஓடுகிறது. கருமுட்டை வெளியான பின் புரோஜெஸ்டிரோன் சுரந்து, காலைச் சூட்டை 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்தும். மாதவிடாய் நெருங்கும்போது மீண்டும் இறங்கும். மாதத்தின் பின்பாதி, மாலை நேரம், கரியாஹாட் சந்தையில் வெயிலில் நடந்து வந்த களைப்பு எல்லாம் கூடினால் முழு ஆரோக்கியமுள்ள ஒரு பெண்ணுக்கு 99.5 காட்டுவதில் வியப்பில்லை. 'எனக்கு எப்பவும் உள்ஜுரம் இருக்கு' என்று சொல்லும் பெண்ணை வீட்டார் நம்பாமல் சிரிப்பதும் தவறு, உடனே மருந்தைத் திணிப்பதும் தவறு. நாட்களைக் குறித்துக்கொண்டு இரண்டு மாதம் அளந்தால் அலை தானே தெரியும்.

முதியவர்கள் விஷயத்தில் ஆபத்து மறுபக்கம். வயது ஏற ஏற அடிப்படைச் சூடு இறங்குகிறது. நோய்க்கிருமி உள்ளே புகுந்தாலும் உடம்பு பழையபடி கொதித்தெழாது. வழக்கமாக 97 இருக்கும் ஒரு பாட்டிக்கு 99.2 என்றால் அது இரண்டு டிகிரிக்கு மேல் ஏற்றம். 'நூறுகூட இல்லையே' என்று குடும்பம் நிம்மதியாக இருக்கும்போது நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ வளர்ந்துகொண்டிருக்கலாம். முதியோர் இல்லங்களுக்காக அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் வகுத்த வழிகாட்டியில் இது தெளிவாக இருக்கிறது: ஒரே ஒரு முறை 100-க்கு மேல், அல்லது திரும்பத் திரும்ப 99-க்கு மேல், அல்லது அவரவர் வழக்கமான சூட்டைவிட 2 டிகிரி கூடுதல். மூன்றாவது விதி வேலை செய்ய வேண்டுமானால், நோயில்லாத நாளில் அவருடைய சூடு என்ன என்று யாராவது அளந்து வைத்திருக்க வேண்டும். எத்தனை வீடுகளில் அந்தக் கணக்கு இருக்கிறது? சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நோட்டு போடும் வீடுகளில்கூட இல்லை.

மனிதர்களின் சூடு காலப்போக்கிலும் மாறுகிறது என்பதுதான் அண்மைக்கால ஆராய்ச்சியின் பெரிய செய்தி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்ற வீரர்களின் மருத்துவக் குறிப்புகளில் தொடங்கி 2017 வரையிலான 6,77,423 அளவீடுகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜூலி பார்சனெட் குழு அலசியது. 2020-இல் வெளியான முடிவு: பத்தாண்டுக்கு 0.03 டிகிரி செல்சியஸ் வீதம் அமெரிக்கர்களின் சராசரி சூடு இறங்கி வந்திருக்கிறது. காசநோய், ஆறாத புண்கள், பல் ஈறு அழற்சி என்று அந்தக் காலத்தில் உடம்பு எப்போதும் ஏதோ ஒரு தொற்றோடு போராடிக்கொண்டிருந்தது. அந்தப் போர் தணிந்ததும் சூடும் தணிந்தது என்பது அவர்கள் தரும் விளக்கம். பொலிவியக் காடுகளில் வாழும் சிமானே மக்களிடமும் இறக்கம் தெரிந்தது. அமெரிக்காவில் ஒன்றரை நூற்றாண்டு எடுத்த இறக்கத்துக்கு அங்கே இருபது ஆண்டுகூட ஆகவில்லை.

அதே ஸ்டான்ஃபோர்டில் 2023-இல் வந்த ஆய்வு, 6,18,306 அளவீடுகளிலிருந்து, இன்றைய நார்மலின் சராசரி ஆளுக்கேற்ப 97.2 முதல் 98.4 வரை இருக்கும் என்று வகுத்தது. வயது, ஆணா பெண்ணா, உயரம், எடை, அளந்த மணி இவை எல்லாம் சேர்ந்து வேறுபாட்டில் கால் பங்கை விளக்கின. மீதி, அவரவர் உடம்பின் வாகு, அன்றைய உடை, குடித்த பானம், நடந்த தூரம், இன்னும் பிடிபடாத காரணங்கள்.

ஒரு நாட்டில் வகுத்த அளவை இன்னொரு நாட்டு உடம்பில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே பழைய சான்று இருக்கிறது. மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பணியாற்றிய எலினார் மேசன், பாஸ்டனின் ஊட்டச்சத்து ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் பெனடிக்டோடு சேர்ந்து, தென்னிந்தியப் பெண்கள் அசையாமல் படுத்திருக்கும்போது எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறார்கள் என்று அளந்தார். சும்மா இருக்கும் உடம்பு எவ்வளவு எரிக்கிறது, எவ்வளவு வெப்பம் உண்டாக்குகிறது என்பதை அதிலிருந்து கணக்கிடலாம். மேலைநாட்டு அளவுகோல் எதிர்பார்த்ததைவிட சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவாகவே அந்தப் பெண்களின் உடம்பு எரித்தது. 1931-இல் இது வெளியானது. நோயாளிகளா அவர்கள்? நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்கள். தசையின் அளவைக் கணக்கில் சேர்த்தால் இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி கரைந்துவிடுவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. உடம்பில் கோளாறு இல்லை, அளவுகோல்தான் வேறு உடம்புக்குத் தைத்தது.

இன்னும் நூறு ஆண்டு பின்னால் போனால் இலங்கை. வேதியியல் மேதை ஹம்ஃப்ரி டேவியின் தம்பி ஜான் டேவி, ராணுவ மருத்துவராக 1816-இல் இலங்கைக்குக் கப்பலேறினார். பயணத்தின்போதே உடன் வந்தவர்களின் நாக்குக்கு அடியில் வெப்பமானி வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். வெப்ப மண்டலத்துக்குள் கப்பல் நுழைய நுழைய அளவு சற்றே ஏறியது. இறங்கிய பிறகும் இலங்கை மக்களை அளந்தார். வுண்டர்லிக்கின் நூலுக்கு அரை நூற்றாண்டு முன்பே, மனித உடம்பின் சூடு எங்கும் ஒன்று என்ற நம்பிக்கையை நம் அண்டைக் கடற்கரையில் ஒருவர் சோதித்துப் பார்த்திருக்கிறார்.

சூட்டை அளந்த கண்ணாடிக் குச்சிக்குப் பின்னால் தமிழ்நாட்டின் ஆறாத காயம் ஒன்றும் இருக்கிறது. 1980-களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து கொடைக்கானலில் நிறுவிய பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பின்னர் ஹிந்துஸ்தான் லீவர் வசமானது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் கிடந்தது அம்பலமாகி, 2001 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொள்ள 2016 ஆயிற்று. உலகம் தன் காய்ச்சலை அளந்துகொள்ள, மலையில் சிலர் உடம்பைக் கொடுத்தார்கள். வீட்டில் பழைய பாதரசக் குச்சி உடைந்தால் கையால் உருட்டி விளையாடும் வழக்கத்தை இனியாவது விட வேண்டும்.

இன்று மருந்துக்கடைகளில் டிஜிட்டல் கருவிகள்தான் அதிகம். கொரோனாக் காலத்தில் கரியாஹாட்டின் சேலைக்கடை வாசல்களில் நெற்றிக்கு நேரே நீட்டிய கருவி பலருக்கு நினைவிருக்கும். நெற்றித் தோலின் சூட்டைப் படிக்கும் கருவி அது. ஏசி காரிலிருந்து இறங்கியவருக்குக் குறைவாகவும் வெயிலில் நடந்து வந்தவருக்குக் கூடுதலாகவும் காட்டியதில் புதுமை இல்லை. அக்குளில் வைத்தால் வாயைவிட ஏறத்தாழ ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாக வரும். சூடான டீ, ஐஸ் தண்ணீர் குடித்த உடனே வாயில் வைப்பது வீண். இருபது நிமிடம் பொறுக்க வேண்டும். முக்கியமாக, எப்போதும் ஒரே கருவி, ஒரே இடம்.

கொல்கத்தாவில் மழைக்காலமும் அதை ஒட்டிய மாதங்களும் டெங்கு காலம். அப்போது அளவைவிடக் காய்ச்சலின் போக்கு முக்கியம். டெங்குவில் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே காய்ச்சல் இறங்கும். அபாயம் தொடங்குவதும் அந்த நேரத்தில்தான். தெர்மாமீட்டர் 98.4 காட்டுகிறது என்று மகிழ்ந்து வீட்டிலேயே இருந்துவிடுபவர்களுக்குக் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், தலைசுற்றல் வந்தால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அங்கே மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, காய்ச்சல் எப்போது தொடங்கியது, எப்போது இறங்கியது என்பது. மணியோடு எழுதிய ஒரு துண்டுக் காகிதம் அங்கே கையில் இருக்க வேண்டும்.

நலமாக இருக்கும் ஒரு வாரத்தில், எழுந்தவுடன் ஒரு முறை, மாலையில் ஒரு முறை அளந்து எழுதிவையுங்கள். பதினான்கு எண்கள். ஒருவர் தன் உடம்பை அறிய அவ்வளவு போதும்.

விடியலுக்கு முன் கரியாஹாட் சந்தைக்கு மீன் வரும் நேரத்தில், ஐஸ் பெட்டிகளை இறக்கும் தொழிலாளர்களின் உடம்பு நாளின் அடிமட்டச் சூட்டில் இருக்கும். வருடக்கணக்கில் இரவில் விழித்து உழைத்தாலும் பலருடைய உள்கடிகாரம் முழுதாகத் திரும்புவதில்லை. கை விறைக்கும், கண் செருகும். அந்த நேரத்தில் ஒருவர் வாயில் தெர்மாமீட்டர் வைத்தால் 97-ஐ ஒட்டி ஏதாவது காட்டும். அதே ஆள் மாலையில் கடைசி மீனை விற்றுவிட்டுத் தேநீர்க் கடைக்கு வரும்போது 98.5 இருக்கலாம், 99 இருக்கலாம். இரண்டும் அவருக்கு நார்மல்.